அடுத்த வருசம் யாரு முறை?

பழவேற்காட்டில் ‘பாடு’ என்ற சொல்லை வெளியூர்க்காரர்களுக்கு விளக்குவது கொஞ்சம் கஷ்டம். கடற்கரை ஊர்களில் பொதுவாகப் பாடு என்றால் அன்றைக்குக் கிடைத்த மீன். “இன்னைக்குப் பாடு எப்படி?” என்று கேட்டால் வலையில் என்ன விழுந்தது என்று அர்த்தம். எங்கள் பக்கம் அதற்கு இன்னொரு பொருளும் சேர்ந்திருக்கிறது: வலை கட்டுகிற இடம், அந்த இடத்தில் வலை கட்டும் முறை. “நாளைக்கு எங்க பாடு” என்றால் நாளைக்கு அந்த இடம் எங்களுடையது. நாளை மறுநாள் வேறு யாருடையதோ.

பழவேற்காடு ஏரி, சிலிகாவுக்கு அடுத்தபடியாக நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது, தெற்கு ஓரம் மட்டும் திருவள்ளூர் மாவட்டத்தில். ஆனால் ஏரி கடலோடு சேர்கிற முக்கியமான முகத்துவாரம் எங்கள் பக்கம். இறால் கடலில் முட்டையிடுகிறது. குஞ்சுகள் ஓதத்தோடு ஏரிக்குள் வந்து, சேற்றில் மேய்ந்து வளர்ந்து, பெரிதானதும் கடலுக்குத் திரும்புகின்றன. திரும்புகிற வழியில் கழி நட்டு, நீரோட்டத்தை மறித்து சுத்துவலை கட்டுகிறவனுக்கு இறால் தானாக வந்து விழும். முகத்துவாரத்தை விட்டுத் தள்ளிப்போகப் போகக் கிடைப்பது குறையும். ஏரி முழுக்கத் தண்ணீர்தான், ஆனால் எல்லாத் தண்ணீரும் ஒன்றில்லை.

நல்ல இடம் கொஞ்சம், வலை நிறைய. இந்தக் கணக்கை எப்படியெல்லாம் போடலாம்? முந்தி வந்தவனுக்கு என்று விட்டால் நள்ளிரவிலேயே படகுகள் போய் நிற்கும், விடிவதற்குள் மண்டை உடையும். ஏலம் விட்டால் காசு உள்ளவனுக்குப் போகும். இருப்பதிலேயே கெட்டிக்காரனுக்குக் கொடுக்கலாம் என்றும் ஒருவர் சொல்லக்கூடும். மேலாண்மை படித்தவர்கள் கண்டிப்பாகச் சொல்வார்கள். எங்கள் ஆட்கள் இந்த மூன்றையும் விட்டுவிட்டுச் சீட்டு போட்டார்கள். இடங்கள் ஊர் ஊராகவும் ஊருக்குள் ஆள் ஆளாகவும் சுற்றி வரும். யார் எங்கே தொடங்குவது என்பதைச் சீட்டு சொல்லும். இன்றைக்கு முகத்துவாரத்தை ஒட்டி வலை கட்டியவன் இன்னொரு நாள் உள்ளே தள்ளிப் போவான், உள்ளே கிடந்தவன் முன்னே வருவான். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் என்று இந்த முறைக்குப் பேர்போன ஊர்கள் உண்டு. இதுபற்றி ஆராய்ச்சிக் கட்டுரைகளே எழுதியிருக்கிறார்கள். இலங்கையில் நீர்கொழும்புக் களப்பிலும் கழி நட்டு வலை கட்டுகிறவர்கள் சீட்டு போட்டுத்தான் இடம் பிரித்துக்கொள்கிறார்கள்.

இந்த ஏற்பாட்டுக்குள்ளேயே அறுபது வருடம் வாழ்ந்த ஒரு மனிதருக்குப் பரிசு என்றால் என்ன என்று விளக்க வேண்டிய நிலைமை எட்டு வயதில் எனக்கு வந்தது.

1997 ஆகஸ்ட் 15. சுதந்திரப் பொன்விழா என்பதால் எங்கள் சின்னப் பள்ளிக்கூடத்திலும் ஷாமியானா, மைக் செட் எல்லாம் வந்திருந்தன. எங்கள் மாவட்டமே அந்த வருடம்தான் செங்கல்பட்டிலிருந்து பிரிந்து புதிதாக உருவாகியிருந்தது. மேடையில் பேசிய எல்லோரும் திருவள்ளூர் மாவட்டம், திருவள்ளுவர், திருக்குறள் என்று ஒரு கோடு போட்டு இழுத்தார்கள். அப்புறம் ஸ்ரீஹரிகோட்டாவைக் காட்டி, நீங்களும் ஒருநாள் ராக்கெட் விடுவீர்கள் என்றார்கள். எங்கள் ஊரில் பரிசு கொடுக்க வரும் யாரும் ராக்கெட்டைச் சொல்லாமல் போனதில்லை. அன்றைக்குக் குறள் ஒப்புவித்தல் போட்டியில் மூன்றாம் வகுப்பில் எனக்கு முதல் பரிசு. மூன்று அதிகாரம், முப்பது குறள், தப்பில்லாமல்.

பரிசு ஒரு எவர்சில்வர் டம்ளர். பாத்திரக்கடையில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டித் தருவார்களே, அதுபோல அதிலும் வெட்டியிருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். ‘அன்பளிப்பு’ என்று போட்டு, பரிசு வாங்கிக் கொடுத்த இறால் வியாபாரியின் பெயர், அதற்குக் கீழே தேதி.

தாத்தா பூவரச மரத்தடியில் கிழிந்த வலையைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். டம்ளரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இன்னாத்துக்குடா குட்தாங்க?”

“ஃபர்ஸ்ட்டு வந்தேன் தாத்தா.”

“எத்தினி பேரு சொன்னீங்கோ?”

“பதினோரு பேரு.”

“ம். அடுத்த வருசம் யாரு முறை?”

எனக்குப் புரியவில்லை. “முறையெல்லாம் இல்ல தாத்தா. யாரு நல்லா சொல்றாங்களோ அவங்களுக்குத்தான்.”

“அடுத்த வருசமும் நீயே நல்லா சொன்னா?”

“எனக்குத்தான்.”

“அதுக்கு அடுத்த வருசம்?”

“எனக்குத்தான்.”

“அப்ப மீதி பத்து பேரும் இன்னாத்துக்கு வரணும்?”

தாத்தாவை இங்கே தத்துவஞானி ஆக்கும் எண்ணம் எனக்கில்லை. கிராமத்துப் பெரியவர் ஒரு வாக்கியம் சொல்ல, படித்த பேரன் வாயடைத்துப்போகும் கதைகளை நானும் நிறையப் படித்து அலுத்திருக்கிறேன். அவர் தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அவருக்குத் தெரிந்த உலகத்தில் ஒரு நல்ல விஷயம் ஒருவனுக்குக் கிடைத்தால் அடுத்து அது யாருக்குப் போகும் என்பதும் கூடவே தெரிந்திருக்கும். அது தெரியாத ஒரு ஏற்பாடு அவருக்குப் பாதி கட்டிய வலை மாதிரி இருந்திருக்க வேண்டும். கேட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். கேள்விதான் என்னிடம் தங்கிவிட்டது.

பொறியியல் மூன்றாம் ஆண்டில் ஆபரேட்டிங் சிஸ்டம் என்ற பாடம். ஒரே கணினியில் பல வேலைகள் காத்திருக்கும்போது யாருக்கு முதலில் நேரம் கொடுப்பது என்று ஒரு பெரிய அத்தியாயமே உண்டு. முக்கியமான வேலைக்கே எப்போதும் முன்னுரிமை என்று வைத்துவிட்டால் என்ன ஆகும்? முக்கியமான வேலைகள் வந்துகொண்டே இருந்தால், கீழே இருக்கும் வேலைக்கு நேரமே வராது. அதற்கு அந்தப் புத்தகம் வைத்திருக்கும் பெயர் பட்டினி. உவமைக்காகச் சொல்லவில்லை, கலைச்சொல்லே அதுதான். சில்பர்ஷாட்ஸ் எழுதிய பாடப்புத்தகத்தில், வதந்தி என்ற முன்னெச்சரிக்கையோடு, ஒரு கதை வரும். எம்.ஐ.டி.யில் இருந்த ஐ.பி.எம். 7094 கணினியை 1973-இல் நிறுத்தியபோது, 1967-இல் கொடுத்த ஒரு வேலை இன்னும் வரிசையில் காத்துக்கொண்டிருந்ததாம். வகுப்பே சிரித்தது. எனக்கு அந்தப் பத்துப் பேர் ஞாபகம் வந்தது.

பட்டினிக்கு அந்தப் புத்தகம் சொல்லும் வைத்தியம் எளிது. ஆளுக்குக் கொஞ்ச நேரம் என்று சுற்றிவிடலாம். அல்லது, எவ்வளவு நேரம் காத்திருக்கிறதோ அவ்வளவுக்கு அந்த வேலையின் முன்னுரிமையை ஏற்றிக்கொண்டே வரலாம். கணினிக்குச் செய்கிற இந்த நியாயத்தை மனிதர்களுக்குச் செய்யலாம் என்றால் ஏன் அவ்வளவு கோபம் வருகிறது என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். தமிழ்நாட்டு அரசு வேலை அறிவிப்புகளில் ‘இனச்சுழற்சி’ என்று ஒரு சொல் வரும். அதில் இருக்கும் ‘சுழற்சி’யைக் கவனியுங்கள். 1927-இல் முத்தையா முதலியார் காலத்து வகுப்புவாரி ஆணை, பன்னிரண்டு பணியிடங்களை ஒரு சுற்றாக வைத்து யாருக்கு எத்தனை என்று பிரித்தது. இத்தனை காலமும் முறையே வராதவர்களுக்கு முறை வைத்துக் கொடுத்த ஏற்பாடு அது. தாத்தாவிடம் சொல்லியிருந்தால் ஒரு நிமிடத்தில் புரிந்துகொண்டிருப்பார்.

ஆனால் பாடு முறையைப் பற்றி ஒரு தப்பான எண்ணம் வந்துவிடக்கூடாது. எல்லாருக்கும் சமமாக மீன் பங்கு போடுகிற ஏற்பாடு இல்லை அது. சுற்றி வருவது இடம். கிடைத்த இடத்தில் கழியை எங்கே நடுவது, ஓட்டம் எப்போது திரும்பும், வலையை எப்போது தூக்குவது என்பதெல்லாம் அவனவன் கெட்டிக்காரத்தனம். ஒரே இடத்தில் நேற்று ஒருவனுக்கு ஒரு கூடை, இன்று இன்னொருவனுக்கு மூன்று கூடை. அந்த மூன்று கூடையும் அவனுக்கே. யாரும் பங்கு கேட்க மாட்டார்கள். திறமைக்கு அங்கே முழு மரியாதை உண்டு. திறமையைக் காட்டுவதற்கான இடம் மட்டும் யாருக்கும் நிரந்தரமில்லை.

பள்ளிக்கூடப் பரிசு இதற்கு நேர் தலைகீழாக வேலை செய்கிறது. எல்லோரும் ஒரே இடத்தில் வலை கட்டியதாக எடுத்துக்கொண்டு கூடையை மட்டும் எடை போடுகிறது.

நான் எங்கே வலை கட்டியிருந்தேன்? பெரியப்பா மகள், எங்கள் அக்கா, என்னைவிட ஐந்து வயது மூத்தவள். ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு இறால் உரிக்கிற ஷெட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள். சாயங்காலம் திரும்பி வந்து, விரலெல்லாம் இறால் முள் குத்தி வீங்கியிருக்க, புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு என்னைச் சொல்லச் சொல்வாள். நான் தடுக்கினால் அடுத்த சீரை எடுத்துக்கொடுப்பாள். ஒரு வாரத்தில் அவள் புத்தகத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டாள். முப்பது குறளும் என்னைவிட முன்னதாக அவளுக்கு மனப்பாடம். போட்டி பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் என்பதால் அவள் வரிசையிலேயே இல்லை. என்னோடு போட்டியிட்ட பத்துப் பேரில் எத்தனை பேர் வீட்டில் இப்படி ஒரு அக்கா இருந்தாள் என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை, கேட்கவும் முடியாது. டம்ளரைக் கையில் வாங்கியதும் அவள் முதலில் செய்தது அதைப் படித்ததுதான். “உன் பேரே இல்லையேடா இதுல” என்று சிரித்தாள்.

ஜான் ரால்ஸ் 1971-இல் வெளியிட்ட நீதிக் கோட்பாட்டு நூலில் இதையொட்டி ஒரு வாதம் உண்டு. எந்த வீட்டில் பிறந்தோம் என்பது மட்டுமல்ல, என்ன மூளையோடு பிறந்தோம் என்பதும் ஒரு குலுக்கல்தான், அதில் நம் சாமர்த்தியம் ஒன்றுமில்லை என்கிறார். அப்படியானால் பரிசு வாங்குபவன் எதற்காக வாங்குகிறான்? இந்த வாதத்தை ஒரு எல்லைவரைக்கும்தான் நான் ஒத்துக்கொள்வேன். மூளை குலுக்கலில் விழுந்தது, சரி. ஆனால் முப்பது குறளை இருபது சாயங்காலம் உட்கார்ந்து படித்த முதுகு வலி யாருடையது? ரால்ஸ் விடமாட்டார். அப்படி உட்காரும் குணமும் வளர்ப்பில் வந்ததுதானே என்பார். அந்தப் பாதையிலேயே போனால் கடைசியில் பாராட்ட ஒரு ஆளே மிஞ்சுவதில்லை. தாத்தா அவ்வளவு தூரம் போகவில்லை. கெட்டிக்காரனின் மூன்று கூடையை அவர் மறுக்கவே இல்லையே.

நம்முடைய தகுதிப் பட்டியல்களின் அடியிலும் சீட்டு ஒளிந்திருக்கிறது என்பது வேடிக்கை. நான் பொறியியலில் சேர்ந்தது 2007-இல், நுழைவுத்தேர்வு நீக்கப்பட்ட முதல் வருடம். பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துக் கட்-ஆஃப், அதை வைத்து ரேங்க், கவுன்சலிங். இருவருக்கு ஒரே கட்-ஆஃப் வந்தால் கணக்கு மதிப்பெண், அப்புறம் இயற்பியல் என்று பார்த்துக்கொண்டே போய், பிறந்த தேதியும் ஒன்றாக இருந்தால் கடைசியில் சமவாய்ப்பு எண் என்று ஒன்றை வைத்து முடிவு செய்வார்கள். கணினி போடும் சீட்டு. தகுதி தன்னால் முடிந்தவரை பிரித்துவிட்டு, முடியாத இடத்தில் குடத்தைக் கொண்டுவந்து வைக்கிறது.

குடம் என்றதும் உத்திரமேரூர் ஞாபகம் வரும். முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்த கல்வெட்டுகள் சொல்லும் குடவோலை முறை. பள்ளிப் புத்தகத்தில் இதை ஜனநாயகம் என்று படித்தோம். அதில் எனக்குப் பிடித்த விஷயங்கள் இரண்டு. ஓலையை எடுப்பது விவரம் அறியாத ஒரு சிறுவன். அப்புறம், கடந்த மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவர்களின் பெயரைக் குடத்திலேயே போடக்கூடாது. தாத்தாவின் கேள்வியைச் சோழர் காலத்திலேயே யாரோ கேட்டிருக்கிறார்கள். ஆனால் குடத்துக்குள் பெயர் போவதற்கு என்ன வேண்டும்? வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் படித்திருக்க வேண்டும். குடத்துக்குள் நியாயம். குடத்துக்கு வெளியே இருப்பவர்களைப் பற்றிக் குடத்துக்குக் கவலையில்லை.

பாடுக்கும் அதேதான். தலைக்கட்டுக் கணக்கில் வருகிற ஆண்களுக்கு, அதுவும் அந்தச் சமூகத்து ஆண்களுக்குத்தான் முறை வரும். அதே ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் நாள் முழுக்கக் குனிந்து, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடித்து ஓலைப் பறியில் போடுகிற இருளர் பெண்களுக்குப் பாடு கிடையாது. இறால் ஏற்றுமதி பெருகி விலை ஏறிய பிறகு, வேலிக்கு வெளியே இருந்தவர்கள் எங்களுக்கும் முறை வேண்டும் என்று கேட்டார்கள். சண்டை வந்தது, போலீஸ் வந்தது. இதையெல்லாம் சொல்லாமல் பாடு முறையைப் புகழ்ந்துவிட்டுப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை. எங்கள் அக்காவையே எடுத்துக்கொண்டால், பெண் என்பதால் ஏரியில் முறை இல்லை, ஷெட்டுக்குப் போனதால் மேடையில் இடம் இல்லை. இரண்டு ஏற்பாடும் தனக்குள் நியாயமாகத்தான் நடந்தது. இரண்டிலும் அவள் வெளியே நின்றாள்.

எலினார் ஆஸ்ட்ரம் என்ற அமெரிக்க அரசியல் அறிஞரை வேலையில் சேர்ந்த பிறகுதான் படித்தேன். பொதுவளங்களை மக்கள் தாங்களாகவே எப்படி நிர்வகிக்கிறார்கள் என்று 1990-இல் ஒரு நூல் எழுதினார். அதில் துருக்கியின் அலன்யா என்ற ஊர் மீனவர்களைப் பற்றி வரும் பக்கங்களைப் படித்தபோது மின்ரயிலில் உட்கார்ந்தபடி சத்தமாகவே சிரித்துவிட்டேன். அங்கே ஒவ்வொரு செப்டம்பரிலும் மீனவர் பட்டியல் ஒன்று, பெயர் வைத்த மீன்பிடி இடங்களின் பட்டியல் ஒன்று தயாராகும். சீட்டு போடுவார்கள். ஜனவரி வரை ஒவ்வொருவரும் தினம் ஒரு இடம் கிழக்கே நகர வேண்டும், அதன் பிறகு மேற்கே. அசல் எங்கள் ஊர்!

அந்த ஆஸ்ட்ரமுக்கு 2009-இல் பொருளாதாரத்துக்கான நோபல் நினைவுப் பரிசு கிடைத்தது. 1969-இலிருந்து கொடுத்துவரும் பரிசு அது. நாற்பது வருடம் ஒரு பெண்ணுக்கும் முறை வரவில்லை, அவர்தான் முதல் ஆள். பெண் பிள்ளைக்கு எதற்கு என்று பள்ளியில் முக்கோணவியல் படிக்கவிடாததால் கணிதம் போதாது என்று, பொருளாதார முனைவர் படிப்பில் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அதனால்தான் அரசியல் அறிவியலுக்குப் போனார். சீட்டு போட்டு முறை வைத்துக்கொள்ளும் மனிதர்களைப் பற்றி எழுதியவருக்கு, முறையே இல்லாத பரிசு. அந்தப் பதக்கத்தில் ஒரு சின்ன விஷயம்: முகப்பில் இருப்பது ஆல்ஃபிரட் நோபலின் முகம். பெற்றவரின் பெயர் விளிம்பில் வெட்டப்பட்டிருக்கும், தேடிப் பார்த்தால்தான் தெரியும். இதைப் படித்த அன்றைக்கு அக்காவுக்கு ஃபோன் போட்டுச் சொன்னேன். “அப்ப டம்ளர்காரன் பரவால்ல” என்றாள்.

இத்தனையும் சொன்ன பிறகு, அந்தப் பரிசு எனக்குச் சந்தோஷம் தரவில்லை என்று சொன்னால் அது பொய். நான் மறுபடி மறுபடி யோசிப்பது அந்தச் சந்தோஷம் எது என்பதைத்தான். டம்ளர் இல்லை. டம்ளரில் அம்மா மறுநாளே மோர் ஊற்றிக் கொடுத்துவிட்டாள். மற்றவர்களை ஜெயித்தது என்றும் சொல்ல மாட்டேன். பத்துப் பேரில் பாதிப் பேர் என் கூட்டாளிகள், அவர்கள் தோற்றதில் எனக்கு என்ன? டீச்சர் மைக்கில் என் பெயரையும் அப்பா பெயரையும் சேர்த்துச் சொன்னபோது, சுற்றுச்சுவருக்கு அந்தப் பக்கம் மீன் கூடையோடு போய்க்கொண்டிருந்த பெண்கள் நின்று எட்டிப் பார்த்தார்கள். அதுதான் சந்தோஷம். அதுவரை நான் கூட்டத்தில் ஒரு தலை. அந்த ஒரு நிமிடம் இவன்தான் என்று பார்த்தார்கள்.

பாடு இதைத் தராது, தரவும் கூடாது. சீட்டு நியாயமாக இருப்பதே அது யாருடைய முகத்தையும் பார்க்காததால்தான். ஓலை எடுக்கிற சிறுவனுக்கு விவரம் தெரிந்துவிட்டால் கதை கெட்டது. வயிற்றுக்கானதைப் பிரிக்கும்போது முகம் பார்க்காமல் இருப்பது பெரிய மரியாதை. ஆனால் மனிதனுக்குத் தன் முகத்தை யாராவது பார்க்கவும் வேண்டியிருக்கிறது. புறநானூற்றில் பெருஞ்சித்திரனார் என்ற புலவர் அதியமான் நெடுமான் அஞ்சியைத் தேடி வருகிறார். அதியமான் அவரைச் சந்திக்காமலே பொருளைக் கொடுத்தனுப்புகிறான். குன்றும் மலையும் தாண்டி வறுமையோடு வந்த மனிதர் அதை வாங்க மறுக்கிறார். என்னைக் காணாமல் கொடுத்ததை வாங்க நான் வியாபாரி இல்லை, தினையளவே ஆனாலும் என் தகுதியை அறிந்து கொடு என்பது அவர் கட்சி. அதியமான் தப்பு செய்துவிட்டான் என்று எனக்குத் தோன்றவில்லை. பசியோடு வந்தவருக்கு உடனே கொடுத்துவிட்டான், பாவம். பசிக்கு என்றால் அது போதும். புலவர் வந்தது பசிக்கு மட்டுமில்லை.

என் கஷ்டம் என்னவென்றால், இப்போது நாம் இரண்டையும் மாற்றி வைத்துவிட்டோம். எது வயிற்றுப்பாடோ, கல்லூரி இடம், வேலை, சம்பள உயர்வு, அதையெல்லாம் கூடையை எடை போட்டுப் பரிசு மாதிரி கொடுக்கிறோம். எது பாராட்டோ அதைச் சத்தமில்லாமல் முறை வைத்து ஒப்பேற்றுகிறோம். ஐ.டி.யில் இருப்பவர்களுக்கு இது தெரியும். கஷ்டங்களுக்கு எங்களிடம் ஒழுங்கான பாடு உண்டு. ராத்திரி சர்வர் விழுந்தால் எழுந்து பார்க்கிற ஆன்-கால் வேலை வாரத்துக்கு ஒருவர் என்று சுற்றி வரும். கெட்டிக்காரன்தானே, தினமும் நீயே எழுந்திரு என்று யாரும் சொல்வதில்லை. காலாண்டுக்கு ஒருமுறை ‘ஸ்டார் பெர்ஃபார்மர்’ என்று ஒரு விருது, ஒரு சான்றிதழ், ஒரு கிஃப்ட் கார்டு. நான் முன்பு வேலை பார்த்த ஒரு இடத்தில், போன தடவை வாங்காதவர்கள் யார் என்று பார்த்துத்தான் அதைக் கொடுத்தார்கள். எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்ல மாட்டார்கள். வாங்குகிறவர் மேடையில் நிற்கும்போது கைதட்டலில் ஒரு சிரிப்பு கலந்திருக்கும். முறை என்று வெளிப்படையாகச் சொல்லியிருந்தால் யாருக்கும் கூச்சமில்லை. பாராட்டு என்று பெயர் வைத்துவிட்டதால் வாங்குகிறவருக்குத்தான் சங்கடம்.

இப்போது இருக்கும் இடத்திலும் ஏறக்குறைய அதே கதைதான். போன காலாண்டு மீட்டிங்கில் மேனேஜர் திரையில் பட்டியலைப் பார்த்துக்கொண்டே, “இந்தத் தடவை யாரோட டர்ன்?” என்றார். தாத்தாவின் அதே கேள்வி, ஆனால் கேட்கக் கேட்க எனக்கு என்னவோ போல் இருந்தது. சேர்ந்து ஒரு வருடமே ஆன ஒரு பெண்ணின் பெயரைச் சொன்னார்கள். விருதுக்குக் காரணம் இரண்டு வரி எழுதித்தரும் வேலை எனக்கு. வழக்கமாக அர்ப்பணிப்பு, குழு மனப்பான்மை என்று ஏற்கெனவே இருக்கும் வரியை எடுத்து ஒட்டிவிடுவோம்.

எனக்கு ஒட்டப் பிடிக்கவில்லை. அவள் அந்த ஆறு மாதம் எழுதிய நிரலை உட்கார்ந்து வரிசையாகப் பார்த்தேன். ஒன்றும் பெரிதாக இல்லை, மார்ச் மாதம் வரும்வரை. வெளி சேவை ஒன்று பதில் தராதபோது எங்கள் நிரல் விடாமல் மறுபடி மறுபடி கேட்டு, எல்லாவற்றையும் திணறடித்து, விடியற்காலையில் அலாரம் அடித்து ஆளை எழுப்பும். பல மாதமாக இருந்த தொல்லை. அவள் ஒவ்வொரு முயற்சிக்கும் நடுவில் இடைவெளி கூடிக்கொண்டே போகிற மாதிரி மாற்றியிருந்தாள். பதினேழு வரி. யாரும் அவளைச் செய்யச் சொன்னதில்லை, அதற்கு டிக்கெட்டும் இல்லை. மார்ச்சுக்குப் பிறகு ராத்திரி அலாரம் நின்றுவிட்டது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அடிக்கிற அலாரம் ஏன் அடிக்கிறது என்று கேட்போம். நின்றுபோனது ஏன் நின்றது என்று யார் கேட்கிறார்கள்?

அந்தப் பதினேழு வரியைப் பற்றி மட்டும் இரண்டு வரி எழுதிக் கொடுத்தேன். விருது கொடுத்த அன்றைக்குச் சாயங்காலம் காபி மெஷின் பக்கத்தில் வந்து நின்றாள்.

“அது நான்தான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“பார்த்தேன்.”

“அதை யாருமே பார்க்கலைன்னு நெனச்சேன்” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “ஆனா இந்தத் தடவை என் டர்ன்னு எனக்கு முன்னாடியே தெரியும்” என்று சொல்லிச் சிரித்தாள்.

பட்டியலில் இன்னும் நான்கு பேர் மீதி இருக்கிறார்கள். அடுத்தவர் யார் என்று முடிவாகிவிட்டது. அவருடைய ஆறு மாத வேலையை நேற்றிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன்.